வெறும் பொம்மைகள்

பாப்பாவுக்கு,

நேற்று சாப்பாட்டு மேசையில் அம்மா உன் பக்கத்தில், அண்ணன் எதிரில், நான் ஜன்னலோரம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ உன் படத்துக்குப் பன்றி மூக்கு ஒட்டியதைக் காட்டினாய். "வெறும் பொம்மைதானேம்மா, விட்டுத் தள்ளு" என்றேன். "உங்களுக்கு வந்தா தெரியும்ப்பா" என்று பாதித் தட்டோடு எழுந்துவிட்டாய்.

காலையில், அந்தக் குழுவில் உனக்கு வந்த பொம்மைகளை நீ படமெடுத்து அனுப்பியிருந்ததைப் பார்த்து, தலைமையாசிரியைக்குப் புகார் எழுதினேன். கடிதத்தில் பொம்மை போட முடியாதே. ஒவ்வொன்றையும் எழுத்தில் எழுதினேன். வாந்தியெடுக்கும் முகம், பதினொன்று. சவப்பெட்டி, நான்கு. கத்தி, ஒன்று. அதற்குமேல் கை ஓடவில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். இன்று பள்ளிக்குப் போக வேண்டாம்.

பி.கு.: "வெறும் பொம்மை என்று நானும் சொன்னேன், அது தவறு" என்று புகாரின் கடைசி வரியில் சேர்த்து, உறையை ஒட்டிவிட்டேன். நேரிலேயே கொடுக்கப் போகிறேன்.

அப்பா