வளரக் கூடாத தட்டு

30 செப்டம்பர் 2025, செவ்வாய். சிதம்பரம்.

நாளை ஆயுத பூஜை. லேபில் இன்றே முடித்துவிட்டோம். எல்லா மெஷினையும் அணைத்துத் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி போட்டோம். தட்டுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டருக்குச் சந்தனம் வைத்தது நான்தான்.

"சின்னதா வைங்கக்கா, டிகிரி நம்பரே தெரியல" என்றாள் என் ஜூனியர் தமிழ்ச்செல்வி.

"என் கை பெருசுடி" என்றேன். பொரி, சுண்டல், ஒரே சிரிப்பு.

3 அக்டோபர், வெள்ளி

அம்மா கடலூரிலிருந்து போன். நாலு வருஷமாக என்னதான் பண்ணுகிறாய் என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். ஈஸ்ட் செல்லில் பாஸ்பேட்டேஸ் என்று ஒரு என்சைம். மற்ற புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். அது கழற்றினால்தான் செல் இரண்டாகப் பிரிந்து முடியும். இல்லாவிட்டால் கடைசிப் படியிலேயே நின்றுவிடும். எங்கள் ஈஸ்டில் அது முப்பத்தேழு டிகிரியில் செயலிழந்துவிடும். அதே குடும்பத்து என்சைம் நம் உடம்பிலும் இருக்கிறது. மனித ஜீனைப் போட்டால் இந்த ஈஸ்ட் பிழைக்குமா?

"ஈஸ்ட்டுன்னா கேக்குல போடறதுதான?" என்றாள் அம்மா. அதேதான்.

முப்பத்தேழில் வைத்தால், ஜீன் போட்ட ஈஸ்ட் தட்டு வளர வேண்டும். போடாத தட்டு வளரவே கூடாது. தமிழ்ச்செல்வி தயார் செய்தாள், நான் இன்குபேட்டருக்குள் வைத்தேன். நம்பர் மேல் இன்னும் சந்தனம். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண் பூஜைப் பொட்டை அழித்தாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? விட்டுவிட்டேன்.

6 அக்டோபர், திங்கள்

இரண்டுமே வளர்ந்திருக்கிறது. வளரக் கூடாததும்! இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. டிசம்பரோடு என் உதவித்தொகை முடிகிறது. தமிழ்ச்செல்விதான் இரண்டையும் கலந்திருக்க வேண்டும் — வேறென்ன?

7 அக்டோபர், செவ்வாய்

எங்கள் கைடு ராமாமிர்தம் சாரிடம் சொன்னேன், அவளை வைத்துக்கொண்டே.

"நான் கலக்கல சார்." அவ்வளவுதான் பேசினாள்.

அவளுக்குப் பிஎச்.டி. ஆராய்ச்சிப் பதிவு இந்த மாதம்தான் நடக்க இருந்தது. "கவனமில்லாத பிள்ளைய நான் எப்படிம்மா பதிவு பண்றது?" என்றார் சார். அந்த அளவுக்கு நான் நினைக்கவில்லை. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

9 அக்டோபர்

அவள் வரவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. அடியில் முப்பது என்று எரிகிறது.

முப்பத்தேழு இல்லை, முப்பது. பூஜைக்கு அணைத்துப் போட்டதில் மெஷின் பழைய நம்பருக்கே போயிருக்கிறது. முப்பதில் அந்த என்சைம் நன்றாகவே வேலை செய்யும். ஜீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈஸ்ட் வளரத்தான் செய்யும். கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அடிக்குமே, அன்று அடிக்கவில்லையே — அதுகூட உறைக்கலையா எனக்கு? ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சு?

18 அக்டோபர்

சாரிடம் எல்லாம் சொன்னேன். "அந்த இடத்துக்கு வேற ஒருத்தர பதிவு பண்ணியாச்சேம்மா." தமிழ்ச்செல்வி போனை எடுக்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி

திரும்பச் செய்தேன், எல்லாவற்றையும் நானே. ஜீன் போட்டது வளர்ந்திருக்கிறது. போடாதது சுத்தமாக இருக்கிறது. நாலு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

23 நவம்பர், ஞாயிறு. கடலூர்.

சர்ச்சில் பூசை முடிந்து மேல்பட்டாம்பாக்கம் போனேன், தமிழ்ச்செல்வி வீட்டுக்கு. ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அழுதுவிட்டேன்.

"மனுஷ ஜீன் வேலை செஞ்சுதாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

போனில் படம் காட்டினேன். பிடுங்காத குறையாக வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"பேப்பர்ல ஒன் பேரையும் போடறேன். சார் ஒத்துக்கிட்டாரு."

"இந்தத் தட்ட நீங்கதானக்கா தயார் பண்ணீங்க. என் பேரு எதுக்கு?"

"அடுத்த வருஷம் எடம் வரும். திரும்ப வாயேன் தமிழு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்: "வந்தா, தட்டு கெட்டுப் போறப்பல்லாம் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்க."

பார்க்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.