அம்மாவிடம் கேட்கப்படாத கேள்விகள்

லுணுகலை
26.10.2009

அன்பு மகள் விஜயலெட்சுமிக்கு அப்பா எழுதுவது,

ஐப்பசி மழைக்கும் குளிருக்கும் நடுவே நானும் அம்மாவும் குறை சொல்ல முடியாத சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகன் சுபாஸும் பேரன் கிஷாந்தனும் அந்தக் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தோட்டத்துக் கோயிலில் உங்கள் மூவர் பேரிலும் வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை நடக்கிறது. மழை இந்தமுறை பிடித்தால் விடுவதாக இல்லை. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து நல்லம்மா வீட்டுக் குசினிச் சுவர் விழுந்துவிட்டது, நல்லவேளை அந்த நேரம் அவள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் சேர்த்து நம் வீட்டு அடுப்பில்தான் சமையல், அம்மாவுக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. அம்மாவின் முழங்கால் வலி முன்பு போலத்தான், சீனி கொஞ்சம் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

தீபாவளியன்று நீ போன் எடுத்தபோது அம்மா வந்து பேசவில்லை. பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறாள், கையெல்லாம் மாவு என்று சொன்னேன். நேற்று ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தாய், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். இரண்டையும் நீ நம்பவில்லை என்பது உன் குரலிலேயே தெரிந்தது. "அம்மாவுக்கு எம்மேல என்னப்பா கோவம்?" என்று நீ கேட்டதற்கு மழையைப் பற்றிப் பேசி மழுப்பினேன். போனில் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெற்றோரிடம் இன்டர்நெட் வழியாக ஓர் ஆய்வுக்குக் கேட்கிற கேள்விகளை உன் ஆபீசில் தயாரித்திருக்கிறீர்கள் என்றும், தமிழில் எழுதியது நீதான் என்றும், நேரம் கிடைத்தால் நாங்களும் பதுளைக்குப் போய்ச் செய்து பார்க்கலாம் என்றும் முன்பு சொன்னாயே. நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னதாக இருக்கும். அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற அன்றைக்கே அதையும் செய்துவிட வேண்டும் என்று நின்றாள். நீ அனுப்பிய ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு, பசறை வளைவுகளில் தலை சுற்றினாலும் ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸில் வந்தாள். கடைவீதியில் ஹாஷிம் என்று ஒருவர் இன்டர்நெட் கடை வைத்திருக்கிறார், எனக்கு உன் ஈமெயிலை எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அம்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டும் எம்மக எழுதுனதா?" என்றாள். அவள் முகம் அப்போது இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு அம்மா முழங்காலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஹாஷிம் பொறுமையாகக் கேட்டுவிட்டு 'ஓரளவு நலம்' என்பதை அமத்தினார். பேரப்பிள்ளை உண்டா என்று வந்ததற்கு உண்டு என்றாள். ஆறாவதாக, பேரப்பிள்ளையை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். "போட்டோவுல பாக்குறது சேருமா தம்பி?" என்று கேட்டாள். நேரில் என்றுதான் போட்டிருக்கிறது என்றார் அவர். "அப்ப இல்லன்னு போடுங்க" என்றாள். அடுத்து வந்தது பன்னிரண்டாவது கேள்வி. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துப் பிடிபடாவிட்டாலும் இலக்கம் தெரிந்துவிடும் அல்லவா. "ஆறுக்கு அப்புறம் பன்னெண்டு வருதே, நடுவுல உள்ளதெல்லாம் எங்க?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்தக் கேள்விகள் தேவைப்படாது, அதுவே தாண்டிப் போய்விடும் என்று ஹாஷிம் விளக்கினார். "தாண்டுனா தாண்டட்டும், எம்மக என்னா கேட்டிருக்கான்னு மட்டும் வாசிச்சுக் காட்டுங்க" என்று அம்மா விடவில்லை. அவர் பின்னால் போய், ஆம் என்று மாற்றிவிட்டு வாசித்தார். பேரப்பிள்ளை உங்களோடு தமிழில் பேசுகிறதா, உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறது, நீங்கள் சமைப்பதில் எதை விரும்பிச் சாப்பிடுகிறது என்றெல்லாம் கேட்டிருந்தாய். அம்மா என் பக்கம் திரும்பினாள். "அம்மாயின்னு கூப்புடுவானா, அவுங்க அப்பா வீட்டுப் பக்கம் மாதிரி அம்மம்மான்னு கூப்புடுவானா, நம்மளுக்கு அதுகூடத் தெரியலையேங்க" என்றாள். பழையபடி இல்லை என்றே போடச் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாவது கேள்வியை நான் சொல்ல வேண்டியதில்லை, நீ எழுதியதுதானே. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கடந்த ஐந்து வருடங்களுக்குள் உங்களை வந்து பார்த்ததுண்டா. ஹாஷிமுக்கு இந்த மாதிரியான கேள்விகளில் பழக்கம் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "சேர், இதுக்கு இல்லன்னு சொன்னா இதோட முடிஞ்சிரும்போல. ஆமான்னு போட்டு விடவா? யாரு பாக்கப் போறாங்க" என்றார். எனக்கும் போடட்டும் என்றுதான் இருந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. "எம்புள்ள கேக்குறதுக்கு நான் பொய் சொல்றதா? இல்லன்னு போடுங்க." போட்டார். 'நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி. இந்த ஆய்வில் பங்குபற்ற நீங்கள் தகுதி பெறவில்லை' என்று வந்தது. அவர் யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டார், பாவம், பிறகு இது கம்ப்யூட்டர் சொல்வது, ஆள் சொல்வதில்லை என்று சமாளித்தார். அம்மா, "எழுதுனது எம்மகதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். துணி எடுக்கவும் இல்லை. வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

உன் வேலையில் பிழை சொல்வதற்காக இதை எழுதவில்லை மகள். வந்துபோகிற பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு என்றால் வராதவர்களின் பெற்றோரை வடிகட்டத்தான் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது, அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். இருந்தாலும் உன் ஆபீசில் சொல்லிப்பார், வராத பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் கேட்பதற்கு ஏதாவது இருக்கும். அம்மாவுக்கு உன்மேல் கோபம் என்றுதான் நானும் நேற்றுவரை நினைத்திருந்தேன். நேற்று நீ போனை வைத்த பிறகு குசினிக்குப் போனேன். நல்லம்மா அடுப்பை ஊதிக்கொண்டு, "பெத்த புள்ளகிட்ட என்னாக்கா வீராப்பு?" என்று இவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீராப்பு இல்ல நல்லம்மா. அஞ்சு வருசம்னு எழுதுறப்ப அவளுக்கு எங்க நெனப்பு வராமயா இருந்திருக்கும்? வந்தும் எழுதியிருக்கா, அது அவ வேலை. எங்கள மட்டுமா தள்ளி வச்சா, அவளையுந்தானே தள்ளி வச்சுக்கிட்டா. இப்ப அவ கொரலக் கேட்டேன்னா வாடின்னு சொல்லிருவேன். அதான் போன் பக்கம் போகல."

எட்டு வருடம் முன்பு உன்னை அனுப்பிவிட்டு வந்த அன்றே, வா வா என்று கூப்பிட்டு அந்தப் பிள்ளையைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். முதலில் உன் விசா சரியாகட்டும் என்றாள், பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்றாள், பிறகு வேலை நிரந்தரமாகட்டும் என்றாள். எத்தனையோ கடிதத்தில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தும் அவளுக்காக விட்டிருக்கிறேன். நேற்று நல்லம்மா, "கேக்காட்டி அந்தப் புள்ளைக்கு எப்புடிக்கா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பீலியில் தண்ணி பிடிக்கப் போய்விட்டாள். அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "எழுதுங்க. வரச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். வா மகள். ஆகஸ்டில் உங்களுக்குப் பெரிய லீவு வரும் என்கிறாய், இங்கே அப்போது மழை இருக்காது, ரோட்டும் நன்றாக இருக்கும். மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் பேரனும் மட்டுமாவது வாருங்கள், நான் கொழும்புக்கே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். பனியில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பிள்ளையோடு வீட்டிலே தமிழ் பேசுங்கள், தப்பாகப் பேசினாலும் சிரிக்க வேண்டாம். மருமகனை நாங்கள் அன்போடு விசாரித்ததாகச் சொல்லவும்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் பெற்று வாழ எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்த ஞாயிறே போன் எடு. அம்மாதான் எடுப்பாள். அழுதாளென்றால் பயந்து வைத்துவிடாதே, கொஞ்சம் பொறுத்திரு, பேசுவாள்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அப்பா
வீ. கணபதி