உதயமில்லாத ஊரில் பிறந்தவள்

10 மார்ச் 1974, ஞாயிறு

இன்னும் கோபம் அடங்கவில்லை. குழந்தைக்கு ஜாதகம் கணிக்க மாமனார் இன்றைக்கு ஜோசியரை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

"இவ பிறந்த அன்னிக்கு அங்கே சூரியோதயம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் ஜோசியர்.

"உதயமே இல்லை. மார்கழியிலே அந்த ஊர்ல சூரியன் வரவே வராது" என்றேன்.

"உதயம் இல்லாம நாழிகையை எங்கேயிருந்து எண்றது?" என்று பேனாவை மூடிவிட்டார்.

மாமனாருக்கு உடனே வழி தோன்றிவிட்டது. "சாரமில்லை, அதனாலென்ன. இங்கே திருவனந்தபுரத்திலேயே பிறந்ததா எழுதிடுங்கோ. யாருக்குத் தெரியப் போறது?"

எனக்குத் தெரியுமே. என் வீட்டுக்காரருக்கு மீன்துறை டிரெயினிங் என்று நார்வேயின் வடகோடிக்குப் போய், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் அந்தக் கிராமத்தில் இரண்டு வருஷம் இருந்தோம். பனிக்காற்றில் படகேறி வந்தாள் மருத்துவச்சி. நான் வலியில் கத்தினபோது ஜன்னலுக்கு வெளியே வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் மலைக்கு மேலே முதல் வெயில் எட்டிப் பார்த்தது. ஊரே இனிப்பு ரொட்டி சுட்டுக் கொண்டாடியது. நான் என் பெண்ணை வாசலில் தூக்கி வெயிலுக்குக் காட்டினேன். அதையெல்லாம் அழித்துவிடணுமாம்.

"அவ பிறந்த ஊரை மாத்த விடமாட்டேன்" என்றேன்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஜாதகம் இல்லாத பொண்ணை யாருடி கேட்டு வருவா?" இவர் வழக்கம்போலப் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

யாரும் கேட்டு வர வேண்டாம். ஜாதகம் இல்லையென்றால் செவ்வாய் தோஷமும் இல்லை, ஏழரைச் சனியும் இல்லை. சனி இந்த ஸ்ரீவராகம் தெரு முழுக்க வீடு வீடாகத் தேடட்டும். என் பெண்ணின் விலாசம் அவனிடம் கிடையாது.