வெள்ளைச் சேலைகளின் நடுவே

அக்கா,

இன்று காலை சந்தைக்குப் போகும் வழியில் ஒருத்தி சாக்கை விரித்துத் தாமரை மொட்டுகள் விற்றுக்கொண்டிருந்தாள். நாளை போயா, விகாரைக்குப் பூக் கொண்டுபோகும் பௌர்ணமி நாள். தண்டுகளில் இருந்த சேற்று வாசம் என்னை நிறுத்திவிட்டது. வாங்கவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் குனிய ஏலாமல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்தபடி இதை எழுதுகிறேன்.

பாலையூற்றில் உங்கள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. என்னை உங்கள் சிங்களத்தில் 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவீர்கள். நம் இருவருடைய கணவன்மாருக்கும் துறைமுகத்தில், கப்பலிலிருந்து சாமான் இறக்கும் படகுகளில் வேலை. ஒரு மார்கழிக் காற்றில் என் கணவர் போன படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதைத்தான் எரித்தார்கள். "ஆன்மாவுக்கு அழிவில்லை" என்றார் ஐயர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

சோறு கொண்டுவந்த உங்களிடம் கேட்டேன். "அக்கா, அவர் இப்ப எங்க இருப்பார்?"

வேறு யாராக இருந்தாலும் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அது வராது. "எங்கட புத்த சமயத்தில ஆன்மா எண்டு ஒண்டு இல்லை, நங்கி. செய்த வினைதான் அடுத்த பிறப்புக்குப் போகும்" என்றீர்கள்.

"அப்ப என்ர மனுசன் எங்கயும் இல்லையோ?"

நான் கதவைச் சாத்தினேன்.

அதன் பிறகு பல நாட்கள் உங்களோடு கதைக்கவில்லை. ஆனாலும் மத்தியானத்தில் வாசற்படியில் மூடிவைத்த சாப்பாடு இருக்கும். எல்லாம் மரக்கறி. என் துடக்கு, சாவுத் தீட்டு, முடியும்வரை உங்கள் குசினியில் மீனே சமைக்கவில்லை என்று பின்னர் உங்கள் மகன்தான் சொன்னான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தும் நான் கோயிலுக்குப் போகவில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் என் வெள்ளைச் சேலையைக் கண்டு முகம் திருப்புவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு போயா காலையில் நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள்.

"விகாரைக்கு வா. கும்பிட வேண்டாம். சும்மா இரு."

மறுத்துப் பேசவும் களைப்பாக இருந்ததால் வந்தேன். 'சில்' என்ற போயா நோன்பு எடுக்க வந்த பெண்கள் முற்றம் முழுக்க இருந்தார்கள். கிழவிகள், புதிதாக மணமானவர்கள், பிள்ளையை மடியில் வைத்தவர்கள், எல்லோரும் வெள்ளை. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு அன்றுதான் ஆட்கள் நடுவே மூச்சு விட்டேன்.

மூன்றாம் மாதம் அவர் பேரில் பிக்குகளுக்குத் தானம் கொடுத்தீர்கள். புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்க்க, கிண்ணம் நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று செம்பை என்னிடம் நீட்டினீர்கள்.

"ஆன்மா இல்லை எண்டனீங்கள். பிறகு இந்தத் தண்ணி ஆருக்கு?"

"எனக்கு விளக்கத் தெரியாது, நங்கி. அவரை நினைச்சு ஊத்து. செம்பை நானும் சேர்ந்து பிடிக்கிறன்."

பிடித்தீர்கள். கிண்ணம் வழியும்வரை ஊற்றினேன்.

பிறகு உங்கள் கணவருக்கு ஓய்வு வந்து, தெற்கே உங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் இறந்த செய்தி உங்கள் மகன் மூலம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் கோயிலுக்குப் போய் மோட்ச விளக்கு ஏற்றச் சொன்னேன். ஐயர் பேரைக் கேட்டார், சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"சிங்கள ஆளோ?"

"ஓம். என்ர அக்கா."

"நட்சத்திரம்?"

"தெரியாது, ஐயா."

நட்சத்திரம் இல்லாமலே விளக்கை ஏற்றினார். அது உங்களுக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா. எனக்குத் தேவையாக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் கணவரையும் உங்களையும் சேர்த்தே நினைத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் இருவரும் எங்கே இருக்கிறீர்கள் என்று யாரையும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.