யாரும் திட்டாத டீம்

அக்கா,

சரவணம்பட்டியில் மகன் வாங்கியிருக்கும் இந்த ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு பாஸ்கெட்பால் கோர்ட் இருக்கிறது. சாயங்காலமானால் கம்பெனி வேலை முடிந்து வந்த பிள்ளைகள் பந்தைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். சிமெண்டுத் தரையில் பந்து விழும் சத்தம் மாடிவரை கேட்கும். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள், அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் அதைக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அந்தத் தொண்ணூறுகளின் கோடையைப் பற்றி நமக்குள் பேச்சு முடிந்தபாடில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மில் குவார்ட்டர்ஸில் நமக்கு அடுத்தடுத்த வீடு, மில்லில் ஒரே ஷிப்ட். காலை ஷிப்ட் விட்டதும், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் பாஸ்கெட்பால் கோர்ட் கேலரிக்கு ஓடுவோமே. உங்கள் தம்பி மில் டீமில் ஆடினான். ஆடுவதால்தான் மில்லில் அவனுக்கு வேலையே, அதுவும் டெம்பரரி. டீமில் மற்றவர்களும் நம் குவார்ட்டர்ஸ் பையன்கள். பந்தைத் தவறவிட்டால் கேலரியே எழுந்து திட்டும். அதில் உங்கள் தொண்டைதான் பெரிது. "ஏங்கண்ணு, கையில வெண்ணெயவா தடவிட்டு வந்தே? ஊட்டுக்கு வா, சோறு கெடையாது!" தம்பி திரும்பிப் பார்த்து முறைப்பான். அடுத்த பந்தைப் போட்டுவிடுவான். ரெஃப்ரியையும் நீங்கள் விட்டதில்லை. "ஏனுங்க, விசில் உங்களுதுதானுங்களா, எரவலுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்பீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

அந்த வருடம் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, இந்தியாவுக்கே ஆடிய நாலு பேரை வெளியூர்களிலிருந்து கூட்டி வந்துவிட்டார். நம்ம ஊர்க் கப்பை ஜெயித்தால் டீம் இருக்கும், டெம்பரரி பையன்கள் எல்லாரும் பெர்மனென்ட் ஆவார்கள். இல்லாவிட்டால் டீமைக் கலைத்துவிடுவேன் என்றார். தம்பி பெஞ்சுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் ஆத்திரம். நீங்கள் வெகு சந்தோஷமாக இருந்தீர்கள். "ஒக்காந்தே இருக்கட்டும் அம்மணி. அவுங்க ஜெயிச்சாப் போதும், இவன் வேலை நெலைச்சுப்போகும்" என்றீர்கள்.

முதல் மேட்சில் அந்த நாலு பேரில் ஒருவர், சென்னைக்காரர், ஃப்ரீ த்ரோ இரண்டையும் விட்டார். பழக்க தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். என் தொடையைக் கிள்ளினீர்கள். "சும்மா இரு. ஒறம்பரையா வந்த புள்ளைங்க. ஊடு தேடி வந்தவங்களப் போயித் திட்டுவாங்களா?" கேலரி முழுக்க அதே எண்ணம்தான் போலிருக்கிறது. தவறிய பந்துக்கும் கை தட்டினோம். நீங்கள் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு, தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

ஈரோட்டில் தோற்றார்கள். காரமடையில், மீசைகூட முளைக்காத காலேஜ் பையன்களிடம் தோற்றார்கள். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் அப்படி ஆடினார்கள்! ஒன்றாக இறங்கினால் ஏதோ ஒன்று காணாமல் போனது.

கடைசியில் நம்ம ஊர்க் கப்பு, செமிஃபைனல். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். பந்து நம்மிடம். சென்னைக்காரர் கூடைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறார், போட்டால் விழும். அவர் இன்னொருவருக்குக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. பந்தியில் கடைசி வடையை ஆளாளுக்குத் தள்ளிவிடுவதுபோலப் பந்து சுற்றிச் சுற்றி வந்தது. கேலரியில் மூச்சுச் சத்தம் இல்லை. உங்களைப் பார்த்தேன். பெஞ்சில் தம்பி பாதி எழுந்து நிற்கிறான், நீங்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். தோற்றவர்களுக்கு எழுந்து நின்று கை தட்டினோம், அக்கா.

வெளியே டீக்கடைப் பக்கம் சென்னைக்காரர் உங்களைத் தேடி வந்தார். "அக்கா, போன வருஷம் எதிர் டீம்ல இங்க வந்து ஆடினேன். உங்க பசங்களை நீங்க என்னா திட்டு திட்டினீங்க! இப்படி ஒரு ஊருக்கு ஆடணும்னுதான் வந்தேன். எங்களை ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கலையே. நாங்க ஜெயிச்சா என்ன, தோத்தா என்னன்னு இருக்கீங்கன்னு நினைச்சிட்டோம்."

நீங்கள் திகைத்துப்போய், "ஐயோ சாமி, உங்களையப் போயி எப்படிங்க…" என்று ஆரம்பித்தீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

டீமைக் கலைத்தார்கள். தம்பிக்கு வேலை போயிற்று. பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே குடும்பமாகிவிட்டான். "அன்னிக்கு நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அவரு பந்தப் போட்டிருப்பாரா அம்மணி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். படுக்கையில் விழுந்த பிறகும் கேட்டீர்கள். தம்பி சிரிப்பான். "எங்களைத்தான் வருசம் பூரா திட்டுனியே, நாங்க எத்தனை கப்புக் கொண்டாந்தோம்?" என்பான். அதுவும் நியாயம்தான். சேர்ந்து பழகாததுதான் காரணம் என்று ஒரு நாள் நினைப்பேன், கோச் சரியில்லை என்று இன்னொரு நாள். நாம்தான் காரணம் என்று நினைக்கும் நாள்களும் உண்டு. அன்று சோறு இறங்காது. திட்டுவது பாசமா, திட்டாமலிருப்பது பாசமா? எனக்குப் புரியவில்லை அக்கா.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்திருக்கிறாள். நல்ல பெண். போன வாரம் காய் நறுக்கிக்கொண்டே, "அத்தை, எங்கம்மா தெனமும் என்னைத் திட்டும். நீங்க ஒருக்காகூடத் திட்டலீங்களே" என்றாள். பாராட்டினாளா, குறைபட்டாளா? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உங்களைக் கேட்கலாமென்றால் நீங்கள் இல்லை.

இன்று மதியம் மருமகள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. ஊற்றிவிட்டு நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று திட்டிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நல்லாருக்குது கண்ணு" என்றுதான் வந்தது.