அக்கா என்று நான் சொன்ன கடுவன் பூனை

என் அன்புக்கும் அதைவிடக் கூடிய என் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அங்கே தபால்காரன் வருவானோ, வந்தாலும் நீங்கள் அவனைப் படலையடியில் நிறுத்திக் கேள்வி கேட்காமல் விடுவீர்களோ தெரியாது. அதனால் இதை ஊருக்கே கேட்கும்படி எழுதுகிறேன். உங்களைப் பற்றி நான் விட்ட ஒரு பொய் திருகோணமலையிலும் கனடாவிலும் கயிறு அறுத்துத் திரிகிறது. ஊர் பார்க்க விட்டதை ஊர் பார்க்கத்தானே பிடித்துக் கட்ட வேண்டும்?

அதற்கு முதல் வீட்டு நிலவரம். மான்கள் மதில் இடிந்த பக்கத்தால் வந்து உங்கள் செவ்வரத்தைச் செடியைத் தின்றுவிட்டன. நாற்பதாயிரம் மான்களை நான் தனி ஆளாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, துறைமுகம்வரை துரத்திப்போனேன். இரண்டு மான் என்று என் மனுசி கமலா சொல்லுகிறாள். உங்கள் மச்சாளுக்குக் கணக்கு எப்போது சரியாக வந்தது?

சரி. சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுடைய எட்டாம் நாள், எட்டுச் செலவு. நீங்களே எத்தனை பேருக்கு முன்னின்று செய்து கொடுத்த காரியம் அது. செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, இலையில் படைத்து, அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய் நிற்பது. உங்களுக்கென்று அறக்குளா மீன் பொரித்து, மரவள்ளிக்கிழங்கு அவித்து, டொக்டர் உங்களுக்குத் தடுத்த ஊறுகாயையும் வைத்தோம். இனி எந்த டொக்டர் கேட்கப்போகிறார்? கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றோம். ஒருவரும் கதைக்கவில்லை. நான்கூடக் கதைக்கவில்லை என்றால் பாருங்கள்.

கதவைத் திறந்தபோது இலைக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பூனை. வாலில் மட்டும் கறுப்பு. அறக்குளா முழுவதும் முடிந்திருந்தது. ஊறுகாயை அது தொடவில்லை. வாயை நக்கிக்கொண்டு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு உங்கள் கதிரையில் ஏறிச் சுருண்டு படுத்தது.

குசினி யன்னல் திறந்து கிடந்ததைக் கமலாவும் கண்டாள், நானும் கண்டேன். ஆனால் அந்த நேரத்தில் வசந்தி வட்ஸ்அப்பில் இருந்தாள். உங்கள் மகள், தாயின் சாவீட்டுக்கு வர முடியாமல், விசாக் கடதாசி அலுவல் முடியாத கனடாவில் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு, போன் திரையில் எட்டுச் செலவு பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இலை காலியாயிருக்கே! அம்மா வந்து சாப்பிட்டிட்டாவோ?" என்று கேட்டாள். அந்தக் குரலுக்கு நான் என்ன சொல்லுவேன் அக்கா? போனைக் கதிரைப் பக்கம் திருப்பினேன்.

"வந்து சாப்பிட்டது மட்டுமோ? வந்து படுத்தும் விட்டா, பார்!" என்றேன்.

உங்களுக்குப் பூனை ஆகாது. பூனையின் நிழல் முற்றத்தில் விழுந்தாலே தும்புத்தடியோடு இறங்குகிற ஆள் நீங்கள். உலகத்தில் உள்ள எல்லாப் பிராணிகளையும் விட்டுவிட்டு உங்களை நான் பூனையாக்கினேன். அதற்கே நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். ஆனால் வெட்கம் அதோடு நிற்கவில்லை.

இரண்டாம் நாளே கமலா பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, உங்கட அக்கா கடுவன்" என்றாள்.

மறுபிறவித் திணைக்களத்தில் ஆள் பற்றாக்குறை, பெண்ணை ஆணாக்கி அனுப்புகிற இப்படிச் சின்னச் சின்னக் குளறுபடி வரத்தான் செய்யும் என்று விளக்கம் கொடுத்தேன். துறைமுகக் கந்தோரில் காலம் முழுவதும் கடதாசி தள்ளிய எனக்குத் தெரியாதா?

அந்தப் பூனை பொழுதுபட்டால் யன்னலால் குதித்துப் போகும். விடியத் திரும்பி வரும்போது அதன் கழுத்தில் குழந்தைப் பவுடர் மணக்கும். மயிர் வாரி விட்டிருக்கும். யாரோ மடியில் வைத்துப் பவுடர் போட்டு வாரி விடுகிற பூனை அக்கா, அது தெருப்பூனை இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒரு நாள் குசினி யன்னலுக்குக் கொக்கி போட்டேன்.

வசந்திக்காகத்தான் செய்தேன் என்று எழுத ஆசை. அவள் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் எடுத்து, "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பாள். பூனை கொட்டாவி விடும். "அதே கொட்டாவி மாமா!" என்று அழுவாள், சிரிப்பாள். ஆனால் போனை வைத்த பிறகும் நான் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, பென்சன் கதை, முழங்கால் கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது யாருக்காக?

கொக்கி போட்டுச் சில நாளில், பின் ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிற பிலோமினா வந்தாள். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள். புருஷன் செத்துத் தனியாக இருக்கிறவள். அதற்கு முதல் நாள்களில் ஒழுங்கை ஒழுங்கையாக "பீற்றர், பீற்றர்" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள் அவள்தான். பிள்ளையைத் தொலைத்துவிட்டாள் என்று சனம் நினைத்தது. நானும் அப்படி நினைத்ததாக நடித்தேன்.

"ஐயா, ஒரு வெள்ளைப் பூனை, வாலில மட்டும் கறுப்பு. இந்தப் பக்கம் கண்டனீங்களோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, கோட்டை வாசலில் நிற்கிற தளபதி மாதிரிக் கையை நீட்டினேன்.

"பிள்ளை, இந்த வீட்டில பூனை இல்லை. எங்கட அக்காதான் இருக்கிறா."

"விளங்கேல்ல ஐயா."

விளங்கப்படுத்தினேன். எட்டுச் செலவுக் கதையை அவிழ்த்தேன். ஏழு பூட்டுப் போட்ட கதவு, காற்றும் நுழைய ஏலாத யன்னல், தானாக அடித்த கோயில் மணி, சீனன்குடாவில் இறங்க வந்த விமானம் அந்தரத்தில் நின்று கும்பிட்டது என்பதுவரை போனேன். அந்தப் பிள்ளை முழுவதையும் கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

பூனை கதிரையிலிருந்து குதித்து, வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிப்போய் அவள் காலைச் சுற்றியது. கடற்படைப் படகு இயந்திரம் மாதிரி அதற்கு உள்ளுக்குள் இரைந்தது. அவள் குனிந்து தூக்கப் போனாள். தூக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டாள்.

"அக்கா, சுகமா இருக்கிறீங்களோ?"

"அக்கா ஆரைக் கண்டாலும் இப்பிடித்தான்" என்றேன் நான். "உயிரோட இருக்கேக்கையும் ஆக்கள் எண்டா அவவுக்குச் சரியான விருப்பம்."

வந்த ஆளை ஐந்து நிமிடத்தில் எழுப்பி அனுப்புகிற உங்களையா அக்கா நான் அப்படிச் சொன்னேன்?

"நான் இடைக்கிடை வந்து பாத்திட்டுப் போகலாமோ ஐயா?"

"தாராளமா வரலாம்" என்றேன். ஊரைத் தானம் கொடுக்கிற ராசா மாதிரி. அவளுடைய பூனையை அவள் வந்து பார்க்க நான் அனுமதி கொடுத்தேன்.

அவள் போனதும் கமலா குசினி வாசலில் நின்றாள். "அந்தப் பிள்ளையின்ர பூனையப்பா அது."

"உமக்கென்னண்டு தெரியும்?"

"பூனைக்குத் தெரியுது."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய பிலோமினா வருவாள். சூடை மீன் அவித்து முள் எடுத்துக் கொண்டுவருவாள். நிலத்தில் இருந்து, "அக்கா சாப்பிடுங்கோ" என்று மரியாதையாக வைப்பாள். முன்னர் மடியில் வைத்துப் பவுடர் போட்டவள், இப்போது கை படாமல் வைப்பாள். என்னைக் கண்டால் எழும்பி நிற்பாள். எழும்பாதே பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் அந்த மரியாதையையும் வாங்கி வைத்துக்கொள்ளுவேன்.

ஒரு ஞாயிறு நான் குளித்துவிட்டுக் கிணற்றடியால் வந்தேன். குசினிக்குள் அவளுடைய குரல், மெல்லமாக. "பீற்றர்... என்ர பீற்றர் குட்டி..." பூனை பதில் சொன்னது. எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை. உடனே அவள் பயந்துபோனவள் மாதிரி, "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றாள்.

தன்னுடைய பூனையைத் தன்னுடைய வாயால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு, அக்கா, அவள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் சுவரோடு நின்றேன்.

அன்றைக்கு அவள் போன பிறகு கமலாவைக் கேட்டேன். "அவள் ஏன் கேட்டு வாங்கேல்ல? சண்டை பிடிச்சிருக்கலாமே?"

கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நானும் கேட்டனான். அவளின்ர தாயைக் கடல் எடுத்ததாம். உடம்பு கிடைக்கேல்லயாம். 'அம்மா எந்த உருவத்திலயெண்டாலும் ஒருக்கா வந்திருந்தா நானும் ஆருக்கும் குடுத்திருக்க மாட்டன். வந்த ஆளைப் பறிச்சுக்கொண்டு போக என்னால ஏலாது' எண்டாள்." பிறகு சுளகை வைத்துவிட்டு, "உங்கட பகிடியை அந்தப் பிள்ளை நம்பியிருக்குதப்பா" என்றாள்.

நான் சொன்னதை இந்த ஊரில் ஒருவரும் முழுதாக நம்பியதில்லை. அந்தத் துணிவில்தான் இத்தனை காலமும் வாய் விட்டேன். நம்பிய ஒரே ஆளிடமிருந்து களவெடுத்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே பூனையைச் சந்தைப் பைக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, தூக்கிக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போனேன். பிலோமினா தையல் மெசினில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

"அக்காவுக்கு ஏதும் சுகமில்லையோ ஐயா?"

"இது அக்கா இல்லைப் பிள்ளை. எங்கட அக்காவுக்குப் பூனையே பிடிக்காது. யன்னல் திறந்து கிடந்தது. இது உம்மட பீற்றர். அண்டைக்கு நீர் வந்து கேக்கேக்கையே எனக்குத் தெரியும்."

அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"அப்ப... அக்கா வரவேயில்லையோ ஐயா?"

எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. வரேல்ல."

அந்த வாக்கியத்தை முதல்முறையாக அப்போதுதான் சொன்னேன். சுடலையில் உங்களை விட்டுவிட்டு வந்தபோது சொல்லவில்லை, உங்கள் உடுப்புகளைக் கோயில் வாசலில் கொடுத்தபோதும் சொல்லவில்லை. வரேல்ல. இனி வரமாட்டீர்கள்.

பீற்றர் பைக்குள்ளிருந்து பாய்ந்து அவள் தோளில் ஏறினான். அவள் முகத்தை அவனுடைய வயிற்றுக்குள் புதைத்து அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், "பிறகு ஒருநாளைக்கு வாங்கோ ஐயா. இண்டைக்குப் போங்கோ" என்றாள்.

போனேன். இன்றுவரை அந்த ஒழுங்கையால் நான் போவதில்லை. கடைக்குப் போக ஊரைச் சுற்றுகிறேன். அது எத்தனை மைல் என்று கூட்டிச் சொல்லவும் மனம் வரவில்லை.

அடுத்த அழைப்பில் வசந்தி, "அம்மா எங்க மாமா?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும். அவளுடைய முகம் அசையவில்லை. போன்தான் இறுகிப்போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்ப மற்றதுகளும் பொய்யோ?" என்றாள். "அம்மா என்ர பேரைச் சொல்லி, சிரிச்சுக்கொண்டு கண்ணை மூடினவ எண்டு சொன்னீங்களே. அதும் உங்கட கதைதானோ?"

"ஓம்."

"உண்மையா என்ன சொன்னவ? கூட்டாமச் சொல்லுங்கோ மாமா."

"'தம்பி, காஸை மூடினனியோ?' எண்டு ஆசுப்பத்திரிக் கட்டில்ல கிடந்து கேட்டவ. நான் ஓம் எண்டன். 'வாயால மூடாதை, போய்ப் பாத்திட்டு வா' எண்டு கலைச்சவ. நான் வீட்டை வந்தனான். திரும்பி வாட்டுக்குப் போகேக்க... போயிட்டா பிள்ளை. நான் பக்கத்தில இருக்கேல்ல."

அவள் மூக்கைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"காஸ் மூடியிருந்ததோ?"

"திறந்துதான் கிடந்தது."

வசந்தியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன், சிரிப்பும் கலந்திருந்தது. "அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். "அது அம்மாதான் மாமா. இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?"

ஏன் சொல்லவில்லை? உங்களைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்று நினைத்தேனா? நான் பக்கத்தில் இல்லாததை மறைக்கத்தான் கோயில் மணியெல்லாம் அடித்தேனா? தெரியவில்லை அக்கா. நீங்கள் இருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பீர்கள்.

அவள் இப்போதும் ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள். உங்களைப் பற்றிக் கேட்கிறாள். இனி உங்களை நீங்கள் இருந்தபடியே சொல்லிக் கொடுப்பேன். சங்கீத வகுப்புக்குப் போகாமல் களவடித்ததற்கு அகப்பைக் காம்பால் அவளுக்கு அடித்ததையும், அடித்துவிட்டு நீங்கள் சாப்பிடாமல் கிடந்ததையும் சொல்லுவேன். ஒரு அங்குலமும் கூட்ட மாட்டேன். பிலோமினா என்னைப் போகச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான். ஒருநாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். உங்கள் திவசம் முடிந்த மறுநாள் அந்த ஒழுங்கைக்கு நேர்வழியாகப் போவேன். இதுவும் சத்தியம்.

வாயடங்கி நிற்கும்,
உங்கள் கடைசித் தம்பி