மஞ்சள் தொப்பி இறுகிய நாள்

மார்ச் 3
பேத்தி பிறந்து பதின்மூன்று நாள். எடை ஆயிரத்து நூறு கிராம். மண்டைக்குள் கசிந்த ரத்தம் மூளை நீர் வடியும் வழியை அடைத்துவிட்டதாம், நீர் தேங்கித் தலை பெருத்துவிடலாமாம். பெருத்தால் அறுவை. தினமும் நர்ஸ் அளக்கிறாள். இன்று இருபத்தாறு சென்டிமீட்டர். நான் தைத்த மஞ்சள் தொப்பி கச்சிதம். "பரவாயில்லையே" என்றாள் சம்பந்தி. கல்யாணத்தன்று "போயும் போயும் தையக்காரி வீட்டுச் சம்பந்தம்" என்ற வாய். ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.

மார்ச் 8
அதே இருபத்தாறு. அப்பாடா.

மார்ச் 9
தொப்பி இறுக்குகிறது! நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது.
"வெந்நீர்ல சுருங்கியிருக்கும். இல்ல, உங்க தையல் கோளாறா இருக்கும்" என்றாள் சம்பந்தி.
என் தையலா? நாற்பது வருஷத் தையலா?

மார்ச் 10
அதே அளவில் வெட்டிய இன்னொரு தொப்பி, தண்ணீரே படாதது, எடுத்துப்போனேன். அதுவும் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. நர்ஸ் கையைப் பார்த்தேன். துணி அளவுநாடா.
"காகித நாடா தீர்ந்துபோச்சு பாட்டிம்மா. நாலு நாளா இதுதான்."
என் நாடாவைப் பக்கத்தில் வைத்தேன். அவளுடைய இருபத்தாறு, என்னுடையதில் இருபத்தேழு. இழுத்து இழுத்து நீண்டுபோன நாடா. நான் வருஷத்துக்கு ஒன்றைத் தூக்கிப்போடுகிறவள்.
சம்பந்தி செருப்புகூடப் போடாமல் டாக்டரிடம் ஓடினாள்.

மார்ச் 11
ஸ்கேனில் நீர் ஏறியிருக்கிறது. டாக்டர் சொன்னார்: "தலையிலேருந்து வயித்துக்குக் குழாய் விட ரெண்டு கிலோவாவது வேணும்மா. இப்போ தலைத்தோலுக்கு அடியில சின்னக் குமிழ் ஒண்ணு வெச்சிடுறோம். அது வழியா ஊசியால நீர் எடுப்போம்."
கையளவு உடம்பில் கத்தியா? மகள் கையெழுத்துப் போட்டாள். கண்டுபிடிச்சுச் சொன்னவ நான்தானே— ஏதாவது ஆயிட்டா? வாய மூடிட்டு இருந்திருக்கணுமோ?

மார்ச் 12
உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம். எழுத ஓடவில்லை.

மார்ச் 13
அழுகிறாள். பூனைக்குட்டி மாதிரி. அழட்டும்.

மே 6
இரண்டு கிலோ நூறு. நேற்று வயிற்றுக்குக் குழாய் இறக்கினார்கள்.

மே 24
வீட்டுக்கு வந்துவிட்டாள். தலை வளரவேண்டிய அளவுதான் வளர்கிறது. சம்பந்தி போனில் யாரிடமோ, "எங்களுது தையக்காரி வீட்டுச் சம்பந்தம்டி, தெரியுமா?" என்று அளந்துகொண்டிருந்தாள். பச்சைப் புடவையை நான் மறக்கவில்லை.
காதுக்குப் பின்னாலிருந்து வலப்பக்கமாகக் குழாய் இறங்குகிறது. அந்தப் பக்கம் தையலே வராமல் ஒரு சட்டை வெட்டினேன். கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன்.